காது கேளாத பனிச்சறுக்கு வீரருக்குத் தனிப் போட்டி எதற்கு? (விவாத இழை)

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 13, 2025

நேற்றுச் சுவிஸின் அடல்போடனில் நடந்த ஜயண்ட் ஸ்லாலம் என்ற பனிச்சறுக்குப் போட்டியை ரீவியில் பார்த்தேன். சுவிஸ் வீரர் ஒடர்மாட் திரும்பவும் வென்றுவிட்டார். பார்க்கும்போது ஒரு யோசனை வந்தது. இந்த விளையாட்டில் காதுக்கு என்ன வேலை? கண்ணும் காலும் துணிச்சலும் இருந்தால் போதாதா? ஓட்டப்பந்தயம் என்றால் துவக்குச் சத்தம் கேட்க வேண்டும். இங்கே ஒவ்வொருவராகத்தானே இறங்குகிறார்கள். பிறகேன் காது கேளாதவர்களுக்கு என்று தனியாக ஒரு ஒலிம்பிக், தனியாக ஒரு பதக்கம்? எல்லோரோடும் சேர்ந்து ஓடலாமே?

ஜனவரி 13, இரவு

நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் எழுதிவிடுகிறேன்.

நூறு மீற்றர் ஓட்டத்தில் எட்டுப் பேரும் ஒரே சத்தத்துக்குக் கிளம்புகிறார்கள். சத்தம் கேட்காதவர் பக்கத்து ஆளின் தோள் அசைவதைப் பார்த்துத்தான் கிளம்ப முடியும். அதற்குள் பந்தயம் கைவிட்டுப் போய்விடும். நீச்சலிலும் இதே கதைதான். தென்னாபிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் பிரெஸ்ட்ஸ்ரோக்கில் வெள்ளி எடுத்தபோது, அவருக்காகத் தொடக்கத்தில் ஒளி மின்னும் விளக்கு வைத்திருந்தார்கள்.

மலைச்சரிவில் வேகமாக இறங்கும் அல்பைன் பனிச்சறுக்கில் அப்படியில்லை. தொடக்க மேடையில் முழங்காலுக்குக் கீழே ஒரு மெல்லிய தடி குறுக்கே நிற்கும். கால் அதைத் தள்ளும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயண்ட் ஸ்லாலம் என்ற மூன்று வகைப் போட்டியிலும் குறித்த நேரத்துக்கு ஐந்து வினாடி முன்னாலும் கிளம்பலாம், ஐந்து வினாடி பின்னாலும் கிளம்பலாம். இன்னொரு வகையான ஸ்லாலத்தில் உத்தரவு வந்தபின் பத்து வினாடி அவகாசம். ஆகவே அறிவிப்புக் கேட்காத காரணத்தால் நூறில் ஒரு வினாடிகூடக் குறையாது. தொடக்குநர் விரலை மடக்கி எண்ணிக் காட்டினால் காரியம் முடிந்தது. தோளில் தட்டி அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. தொடக்குநர் வீரரைத் தொடக் கூடாது என்பது விதி.

மற்றப் பாதி பெரிது. நாளைக்கு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 14

என் அண்ணாவின் மகள், என் பெறாமகள், பிறவியிலேயே காது கேளாதவள். பெர்ன் மலைப்பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிளப்பில் சின்ன வயதிலிருந்து ஸ்கீ ஓடுகிறாள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் லிஃப்ற் அடியில் கோச் எல்லாரையும் கூட்டி வைத்துக் கதைப்பார். அவருக்குக் கண்ணாடி, கழுத்துத் துணி மூக்கு வரை, தலையில் ஹெல்மெற். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அங்கே உதடே இல்லை. சைகை மொழி தெரிந்த ஒருவர் கூட நின்றாலும் கையில் தடித்த கையுறை, கையுறைக்குள் இரண்டு கம்பு. லிஃப்றில் நாலு பேர் வரிசையாக இருந்து மேலே போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மற்றப் பிள்ளைகள் பாதி ஸ்கீயைப் படிக்கிறார்கள். முதல் சுற்றில் எங்கே வழுக்கியது, எந்த மெழுகு பூசினாய், இன்றைக்கு யார் நல்லாய் ஓடுகிறான் என்று ஓயாத கதை. பக்கத்தில் இருப்பவளுக்கு முகம் தெரியாது. அவள் மலையைப் பார்த்துக்கொண்டு போவாள்.

போட்டிக்கு முன் பாதையைப் பார்வையிட நேரம் கொடுப்பார்கள். பாதையைக் குறிக்கும் கம்பங்களான கேற்றுகளுக்குப் பக்கத்தால் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கி, திருப்பங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். கோச் ஒரு கேற்றடியில் நின்று, “இதில் நிலம் இடப்பக்கம் சரிகிறது, கொஞ்சம் உயரத்திலிருந்து வா” என்பார். காது கேட்கிற பிள்ளை கேற்றைப் பார்த்தபடியே அதைக் கேட்கும். இவள் கோச்சைப் பார்த்தால் கேற்றைப் பார்க்க முடியாது, கேற்றைப் பார்த்தால் கோச் சொன்னது போய்விடும். பார்வையிடும் நேரமோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

பிறகு வோக்கி-ரோக்கி. முதல் நாலைந்து பேர் இறங்கியதும் கீழே நிற்கும் கோச்மார் மேலே செய்தி அனுப்புவார்கள்: “ஏழாவது கேற்றில் பனி உடைஞ்சு போச்சு, உள்ளே போகாதே.” தொடக்க மேடையில் நிற்கிற எல்லாருக்கும் அது காதில் விழும். இவளுக்கு யாராவது திரும்பி முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய பாதையை மனதில் வைத்துக்கொண்டு புதிய பாதையில் இறங்குவாள்.

கடிகாரம் ஓடும் ஒரு நிமிடத்தில் காது தேவையில்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆயத்தமாகும் மிச்ச நேரம் முழுவதும் காதால்தான் நடக்கிறது.

ஜனவரி 15

“பராலிம்பிக்கில் ஓடலாமே” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பராலிம்பிக் அல்பைனில் நின்று ஓடுவோர், இருந்து ஓடுவோர், பார்வைக் குறைபாடு உள்ளோர் என்று மூன்று பிரிவுகள்தான். காது கேளாதோருக்கு அங்கே பிரிவு இல்லை. அவர்களுடைய சர்வதேச அமைப்பு ஒரு காலத்தில் பராலிம்பிக் குடைக்குள் இருந்தது, 1995இல் விலகியது. விலகியவர்கள் சொந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள். அவர்களுடைய போட்டிகள் 1924இல் பாரிஸில் தொடங்கியவை. பராலிம்பிக்கை விட மிகவும் மூத்தவை. டெஃப்லிம்பிக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்த ஒலிம்பிக் குழு 2001இல் சம்மதித்தது.

ஜனவரி 18

சூரிச்சிலிருந்து எழுதிய தாதி அக்காவுக்கு நன்றி. “சமநிலை” என்று ஒரு சொல்லில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது.

கேட்பதற்கான நத்தைச் சுருளும், தலை எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் மூன்று அரைவட்டக் குழாய்களும் ஒரே எலும்புக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றைத் தாக்கும் நோய் மற்றதையும் தாக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்து காது போன பிள்ளைகளில் பலருக்குச் சமநிலை உறுப்பும் சேர்ந்து போய்விடுகிறது. அஷர் என்ற பரம்பரை நோயின் முதல் வகையில் பிறவியிலேயே இரண்டும் இருக்காது. அந்தப் பிள்ளைகள் நடக்கத் தொடங்குவதே பிந்தித்தான். கொனெக்சின் 26 என்ற மரபணுவால் வரும் கேளாமையில் பெரும்பாலும் சமநிலைக்குப் பழுது இல்லை. எங்கள் பிள்ளை இந்த மூன்றாவது கூட்டம். மருத்துவர் அப்படிச் சொன்ன நாளில் அண்ணி அழுதா. ஸ்கீயை நினைத்து அழவில்லை, அப்போது ஸ்கீ என்ற பேச்சே இல்லை. காரணம் தெரிந்துவிட்டது என்ற ஆறுதல்.

காது கேளாத பிள்ளைகளின் பயிற்சி முகாமுக்கு அவளைக் கொண்டுபோய் விடும்போது ஒரு பையனைக் கவனித்தேன். குழந்தையில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனவன். வெயில் அடிக்கிற நாளில் அவன்தான் அந்தக் கூட்டத்திலேயே வேகம். காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி வேலை செய்யாத இடத்தைக் கண்ணும், கணுக்காலும், உள்ளங்காலும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் முகில் இறங்கியதும் நிலைமை மாறும். நிழல் எல்லாம் போய்விடும், பனிக்கும் வானத்துக்கும் எல்லை தெரியாது, மேடு எது பள்ளம் எது என்று யாருக்கும் விளங்காது. காது கேட்கிறவர்களுக்கு அந்த வெளிச்சத்திலும் உள்ளே இருந்து ஒரு தகவல் வந்துகொண்டிருக்கும். இவனுக்குக் கண்ணும் போய்விட்டால் மிச்சம் இருப்பது கால் மட்டும்தான். அப்படியான நேரத்தில் அவன் எழும்பி நின்று கைகளை அகட்டி மெல்ல இறங்குவான். அவனைப் பயந்தவன் என்று ஒரு தகப்பன் எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். எனக்குச் சரியான கோபம் வந்தது.

உலகக் கோப்பைப் பாதைகளில் நீலச் சாயம் தெளித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பத்துக்கு முன்னும் மேடு விழும் இடத்திலும் கோடு போட்டிருப்பார்கள். மங்கல் வெளிச்சத்தில் நிலத்தைக் காட்டத்தான் அது. காது கேளாதோர் போட்டியில் அந்தச் சாயத்தில் யாராவது சிக்கனம் பார்த்தால் அது பெரிய அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெஃப்லிம்பிக்ஸில் பிரிவுகள் கிடையாது. நல்ல காதில் 55 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருக்க வேண்டும் என்ற ஒரே கோடுதான். சமநிலை முழுதாக உள்ளவரும் அது துப்பரவாக இல்லாதவரும் ஒரே பதக்கத்துக்கு ஓடுகிறார்கள். பிரிக்க வேண்டும் என்று ஒருகாலம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஓடுகிறவர்களே கொஞ்சப் பேர். அவர்களையும் இரண்டாக, மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு போட்டியிலும் ஐந்து பேர் நிற்பார்கள், பதக்கத்துக்கு மதிப்பு இருக்காது.

ஜனவரி 19

காது கேட்கும் கருவி போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டெஃப்லிம்பிக்ஸில் முடியாது. கருவியும், கொக்லியர் இம்பிளான்ற் (அறுவைச் சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) செய்தவர்களின் வெளிப்பகுதியும் கழற்றிவிட்டுத்தான் போட்டிக்குப் போக வேண்டும். எல்லோரும் ஒரே அமைதியில் ஓட வேண்டும் என்பது நோக்கம்.

எங்கள் பிள்ளைக்கு இம்பிளான்ற் இருக்கிறது. கிளப் போட்டியில் அதைப் போடத் தடை இல்லை. போட்டும் பார்த்தாள். வேகம் கூடக் கூடக் காற்றின் இரைச்சல்தான் வருகிறது, வேறொன்றும் கேட்கவில்லை, தலை இடிக்கிறது என்றாள். ஹெல்மெற் அழுத்தினால் காந்தச் சுருள் இடம் மாறும். குளிரில் பற்றரி கெதியாக இறங்கிவிடும். இப்போது மேலே போனதும் கழற்றிச் சின்னப் பெட்டியில் போட்டு உள்ளுடுப்புப் பக்கெற்றில் வைத்துவிடுவாள். கீழே வந்ததும் போட்டுக்கொண்டு நேரத்தைக் கேட்பாள்.

ஜனவரி 26

இந்த இழையில் நான் மிகவும் எழுத விரும்பியது இதைத்தான். ஒரு காது கேளாத அல்பைன் வீரரின் விளையாட்டு வாழ்க்கை எவ்வளவு நீளம்?

காது கேட்கும் வீரருக்கு ஒவ்வொரு குளிர்காலமும் உலகக் கோப்பை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகச் சாம்பியன்ஷிப். நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒலிம்பிக். ஒன்றில் விழுந்தால் அடுத்த வாரமே இன்னொரு மலை. முழங்கால் நார் அறுந்து ஒரு பருவம் போனாலும் அடுத்த பருவம் இருக்கிறது.

காது கேளாதோருக்கும் அவர்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் உண்டு, ஐரோப்பாவில் சிறு போட்டிகள் உண்டு. ஆனால் ஊர்ப் பத்திரிகை எட்டிப் பார்ப்பதும், நாடு பணம் ஒதுக்குவதும் குளிர்கால டெஃப்லிம்பிக்ஸுக்குத்தான். அதன் தேதிகளைப் பாருங்கள். 2007 பெப்ரவரியில் அமெரிக்காவின் சோல்ற் லேக் சிற்றி. அடுத்தது 2011 பெப்ரவரியில் சுலோவாக்கியாவின் உயர் தத்ரா மலையில் என்று இருந்தது. தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அது கைவிடப்பட்டது. பணமும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அடுத்தது 2015 மார்ச் கடைசியில், ரஷ்யாவின் ஹாந்தி-மன்சீஸ்கிலும் மக்னிதகோர்ஸ்கிலும். இடையில் எட்டு வருடம்.

2007இல் பத்தொன்பது வயதில் முதல்முறை போன ஒருவர் அடுத்த தொடக்க மேடையில் நிற்கும்போது இருபத்தேழு. 2007இல் இருபத்தேழாக இருந்தவர் முப்பத்தைந்து. அல்பைனில் உடம்பின் உச்ச காலம் அந்த எட்டு வருடத்துக்குள்தான் இருக்கிறது. 2011க்காக வேலையில் சம்பளமில்லா விடுமுறை எடுத்தவர்கள், படிப்பைத் தள்ளி வைத்தவர்கள், பெட்டியைக் கட்டி வைத்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பலர் அந்தப் பெட்டியோடேயே ஓட்டத்தை விட்டிருப்பார்கள். அவர்களுடைய பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் ஓட்டமே நடக்கவில்லை.

பிறகு 2019 டிசம்பரில் இத்தாலியின் சொன்ட்ரியோ மாகாணம். அல்பைன் ஓட்டங்கள் சாந்தா கத்தரினா வல்ஃபுர்வாவில். டெபோரா கொம்பன்யோனியின் சொந்த ஊர் அது. 1992, 1994, 1998 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்த பெண்ணின் பெயரைத் தாங்கிய மலைச்சரிவு அங்கே இருக்கிறது. உலகக் கோப்பை ஓடும் மலையில் காது கேளாதோர் ஓடினார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அடுத்தது 2024 மார்ச்சில் துருக்கியின் எர்சுரும்.

செக் குடியரசின் தெரேசா க்மோகோவா 2015இலும் தங்கம் எடுத்தார், 2019இலும் தங்கம் எடுத்தார். இடையிலே நாலரை வருடத்துக்கு மேல். ஒவ்வொரு குளிர்காலமும் உடம்பையும் மனதையும் அதே உயரத்தில் வைத்திருந்தால்தான் அது நடக்கும். உலகக் கோப்பை வீராங்கனைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியே காலையில் எழுப்பிவிடும். இவரை எது எழுப்பியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பெறாமகளின் அறையில் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது. அவள் வகுப்பில் அந்தப் படத்தில் இருப்பது யார் என்று தெரிந்த பிள்ளை ஒன்றுமில்லை.

ஜனவரி 27

“அப்படியானால் சாதாரணப் போட்டியிலேயே ஓடட்டுமே” என்று திரும்பவும் முதல் கேள்விக்கே வந்திருக்கிறீர்கள் தம்பி. ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளை ஓடுவதே காது கேட்கும் பிள்ளைகளோடுதான், வேறு ஆள் இல்லை. ஆனால் இறங்கும் வரிசையைச் சொல்லும் தொடக்க எண்ணும் புள்ளிக் கணக்கில்தான் வருகிறது. இங்கே புள்ளி குறைவாக இருப்பதுதான் நல்லது. புள்ளி குறைந்தவருக்கு முன் எண், கூடியவருக்குப் பின் எண். பின் எண்ணுக்குப் பனியில் குழி விழுந்து கிடக்கும், அங்கே நேரம் கெட்டால் புள்ளி மேலும் கெடும். நான் 14ஆம் தேதி எழுதிய சின்னச் சின்ன இழப்புகள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்து சேருகின்றன.

பெப்ரவரி 2

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழை அடல்போடன் பெயரோடு தொடங்கியது. அதே அடல்போடனில் 1971இல் காது கேளாதோரின் ஏழாவது குளிர்கால விளையாட்டு நடந்தது. சுவிஸில் அதற்கு முன் 1959இல் மொந்தானாவில், பிறகு 1999இல் தாவோஸில். முதன்முதல் குளிர்கால விளையாட்டு 1949இல் ஆஸ்திரியாவின் சீஃபெல்டில், ஐந்து நாட்டிலிருந்து 33 பேர். போர் முடிந்து நாலே வருடம். 1924 பாரிஸில்கூட ஒன்பது நாடுகளிலிருந்து 148 பேர் வந்திருந்தார்கள். அதைத் தொடங்கிய யூஜேன் ருபென்ஸ்-அல்கே தானும் காது கேளாதவர்.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவர் இருக்கிறார், காது கேளாதவர். 1971இல் அடல்போடனுக்குப் பார்க்கப் போனவர். பெறாமகள் இடையில் இருந்து எனக்குச் சொல்லித் தந்தாள். அவருடைய பள்ளிக்கூடத்தில் சைகையால் பேசினால் அடி. வாயசைவைப் பார்த்துப் பழகு, கையைக் கட்டு என்பார்கள். வீதியில் கை அசைக்க அவருக்கு வெட்கம். அடல்போடனில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் தேநீர்க் கடை, தபால் கந்தோர், மலையடி, எங்கு பார்த்தாலும் கைகள். நோர்வேக்காரர், அமெரிக்கர், இத்தாலியர் எல்லாரும் நடுவீதியில் நின்று சத்தமில்லாமல் சண்டை பிடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். யார் வென்றார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் ஞாபகம் இல்லை என்றார். யாரோடு எங்கே நின்று கதைத்தார் என்று ஒவ்வொரு இடமாகச் சொன்னார்.

தனிப் போட்டி எதற்கு என்ற கேள்விக்கு நான் இவ்வளவு நாளும் விதி, கடிகாரம், காதுக் குழாய் என்று எழுதினேன். அவரைச் சந்தித்தபின் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று படுகிறது. பெறாமகள் முகாமிலிருந்து வரும்போது கை ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவாள். கிளப்பிலிருந்து வரும்போது நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போவாள். கிளப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், ஒருவரிலும் குறை இல்லை.

பெப்ரவரி 5

மதுரை வாசகருக்கு: இந்திய வீராங்கனை ஜெர்லின் அனிகா வென்றதும் இதுதானா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், அவர் வென்றது இதே டெஃப்லிம்பிக்ஸின் கோடைகாலப் பகுதிதான். 2022 மே மாதம் பிரேசிலில், பட்மின்டனில் மூன்று தங்கம். அர்ஜுனா விருதும் கிடைத்தது. அதற்கு அடுத்த கோடைகாலப் போட்டி 2025 நவம்பரில் தோக்கியோவில்.

பெப்ரவரி 10

நேற்று ஆஸ்திரியாவின் சால்பாக்கில் ஃபிரான்யோ ஃபொன் அல்மென் டவுன்ஹில் உலகச் சாம்பியன். எங்கள் பெர்ன் மலைப்பக்கத்து (ஒபர்லாண்ட்) பிள்ளை, தச்சு வேலை படித்தவர். பதினேழு வயதில் தகப்பன் இறந்தபிறகு ஓட்டத்தைத் தொடரப் பணம் இல்லாமல், ஊர் உலகத்திடம் இணையத்தில் நிதி திரட்டித்தான் தொடர்ந்தார். கிராமம் முழுக்க அதே கதை.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பனிச்சறுக்கு பணக்கார விளையாட்டு. ஒரு சோடி ஸ்கீ போதாது. ஸ்லாலத்துக்கு ஒன்று, ஜயண்டுக்கு ஒன்று, பயிற்சிக்கு வேறு. வளர்கிற பிள்ளைக்குச் சப்பாத்து ஒவ்வொரு வருடமும் மாறும். லிஃப்ற் காசு, பனிப்பாறையில் கோடைப் பயிற்சி, விடுதி. காது கேட்கும் பிள்ளை மேலே வரவர விளம்பரதாரர், இராணுவ விளையாட்டுப் பிரிவு, தேசிய அணி என்று ஒவ்வொரு படியிலும் யாரோ கை கொடுக்கிறார்கள். காது கேளாத வீரருக்கு மேலே போகப் போகச் செலவுதான் கூடுகிறது. பிரித்தானியாவில் ஒலிம்பிக், பராலிம்பிக் வீரர்களுக்குப் பணம் கொடுக்கும் அரச அமைப்பு டெஃப்லிம்பிக்ஸ் வீரர்களுக்குக் கொடுப்பதில்லை. நாட்டுக்காக ஓடப் போகிறவர் வீடு வீடாகக் காசு சேர்த்துக்கொண்டு போகிறார். அண்ணா ஹோட்டல் குசினியில் இரவு வேலை. விளம்பரதாரர் தேடி நாங்கள் எழுதிய ஒரு நிறுவனம், பராலிம்பிக் என்றால் யோசிப்போம் என்று பதில் போட்டது.

பெப்ரவரி 16

ஸ்கீ சொல்லிக்கொடுக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணை, சத்தம் முக்கியம். விளிம்பு பனியை வெட்டுதா, சறுக்கி அரைக்குதா என்று எனக்குக் காதுதான் முதலில் சொல்லும்.”

உண்மை. இறுகிய பனியில் ஸ்கீ சுத்தமாக வெட்டினால் மெல்லிய சீறல், வழுகினால் கரகரப்பு. 13ஆம் தேதி நான் கடிகாரத்தை மட்டும் வைத்துச் சொன்னது இதைத் தொடவில்லை. பெறாமகளிடம் கேட்டேன். கரகரப்பு முழங்காலுக்கு வரும், சீறல் உள்ளங்காலோடு நின்றுவிடும் என்றாள். சப்பாத்துக்குள் கால் கொஞ்சமும் ஆடக் கூடாது என்று அவள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தடித்த காலுறையும் போட மாட்டாள். குளிரில் விரல் விறைத்தாலும் பரவாயில்லை என்பாள்.

எனக்கு உள்ளூரப் பயம் தருவது போட்டி இல்லை, பொதுப் பாதை. போட்டிப் பாதையில் அவள் தனியாக ஓடுகிறாள். ஆபத்து என்றால் மஞ்சள் கொடி காட்டுவார்கள், அது கண்ணுக்குத் தெரியும். பொதுப் பாதையில் பின்னால் வருகிறவன் கத்தினால் விலகுவாள் என்று நினைத்துக் கத்துகிறான். பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராமல் வழியைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதி. கத்தினால் போதும் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் தம்பி, எனக்கு அது பெரிய உதவி.

மார்ச் 2

லுசேர்னிலிருந்து எழுதிய தாய்க்கு. மகனுக்கு ஏழு வயது, இரண்டு காதும் கேட்காது, ஸ்கீ படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுங்கோ அக்கா.

முதலில் காது வைத்தியரிடம் சமநிலைப் பரிசோதனை கேளுங்கோ. கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள். சமநிலை குறைவு என்று வந்தாலும் நிறுத்த வேண்டாம். வெயில் நாளில் தொடங்குங்கோ, முகில் நாளில் வீட்டில் நில்லுங்கோ.

கோச்சிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். மூன்று விஷயம் சொன்னால் போதும். கதைக்கும்போது கழுத்துத் துணியை இறக்கி, கண்ணாடியைத் தூக்க வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, முகம் இருட்டாகிவிடும். சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். எங்கள் கோச் கம்பு நுனியால் பனியில் பாதையைக் கீறிக் காட்டுவார், கேற்றுக்கு ஒரு புள்ளி, திருப்பத்துக்கு ஒரு வளைவு. அது வந்தபிறகு மற்றப் பிள்ளைகளும் அவர் கதைப்பதை விட்டுவிட்டு நிலத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நிறுத்து, போ, விழுந்துவிட்டேன், நோகிறது, கீழே சந்திப்போம். இந்த ஐந்துக்கும் கையுறையோடு தெரியக்கூடிய பெரிய சைகை ஒன்றை வீட்டிலேயே பழகுங்கோ. கூட ஓடும் இரண்டு பிள்ளைகளுக்காவது அதைச் சொல்லிக்கொடுங்கோ.

ஹெல்மெற் வாங்கப் போகும்போது கருவியைப் போட்டுக்கொண்டு போங்கோ, காதுப் பக்கத்துப் பஞ்சைக் கழற்றக்கூடிய ஹெல்மெற்றாகக் கேளுங்கோ. பற்றரி மாற்று ஒன்று உடம்புச் சூட்டில் இருக்கட்டும். காது கேளாத பிள்ளைகளின் முகாம் விவரம் வேண்டுமென்றால் தனிமடலில் எழுதுங்கோ, அண்ணியின் தொலைபேசி எண் தருகிறேன். அவவுக்குத்தான் எல்லாத் தேதியும் தெரியும்.